ஹில்கிராஃப்டில் ஃப்ரீவேயின் அந்தப் பக்கம்

ஹூஸ்டனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் ஹில்கிராஃப்ட் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். காலையில் பியர்லேண்ட் மீனாட்சி கோவில், அங்கிருந்து நேராக ஹில்கிராஃப்ட். அம்மா கடைக்குள் போய் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து லேசாக முறுக்கிப் பார்ப்பார். அப்பா அரிசி மூட்டையைத் தோளில் தூக்கி வந்து காரின் பின்னால் போடுவார். பின்சீட்டில் நாம, மடியில் கொத்தமல்லிக் கட்டு, கையில் எண்ணெய் ஊறின மிக்சர் பொட்டலம்.

இப்போ அதே தெருவுக்கு நம்ம பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். மிக்சர் பொட்டலம் மாறவில்லை. பின்சீட்டில் மட்டும் ஐபேட் சேர்ந்திருக்கிறது.

அந்த இடத்துக்கு இன்று அதிகாரப்பூர்வமாக ஒரு பெயர் உண்டு: மகாத்மா காந்தி மாவட்டம். மாவட்டம் என்றதும் மதுரை மாவட்டம், தஞ்சாவூர் மாவட்டம் மாதிரி கலெக்டர் ஆபீஸ் எல்லாம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தென்மேற்கு ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலையை ஒட்டின சில தெருக்கள், அவ்வளவுதான். முதலில் ஹில்கிராஃப்ட் சாலைக்கே காந்தி பெயர் வைக்க வேண்டும் என்றுதான் இந்திய அமைப்புகள் கேட்டன. தெருப் பெயர் மாறினால் விலாசம் மாறும், போர்டு மாற்றணும், லெட்டர்ஹெட் மாற்றணும், செலவு யாருடையது என்று கேள்வி வந்தது. கடைசியில் தெருப் பெயரைத் தொடாமல், வட்டாரத்துக்கு மட்டும் காந்தி பெயரை வைத்தார்கள். 2010 ஜனவரி 16 அன்று மேயர் அனீஸ் பார்க்கர் முன்னிலையில் பெயர்ப் பலகைகளைத் திறந்தார்கள்.

அதற்கு ரொம்ப முன்பே கடைகள் வந்துவிட்டன. ராஜா ஸ்வீட்ஸ் 1986-ல் திறந்தது. அதன் பிறகு புடவைக் கடை, 22 காரட் நகைக் கடை, டிராவல் ஏஜென்சி, இட்லி தோசை கிடைக்கும் சைவ ஓட்டல், பாகிஸ்தானி பிரியாணிக் கடை என்று ஒவ்வொன்றாக வந்தன. தீபாவளிக்கு முந்தின வாரம் பார்க்கிங் கிடைக்காது. காலேஜுக்குப் போகிற பையனுக்கு பிரஷர் குக்கர் வாங்க வந்தவர்கள், கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர்கள் என்று கூட்டம் அலைமோதும்.

நான் சொல்ல வந்தது கடைகளைப் பற்றி இல்லை. சவுத்வெஸ்ட் ஃப்ரீவேயைத் தாண்டினால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி.

நாற்பது வருஷமாக நம்ம சமூகம் இந்தப் பக்கம் வந்து மளிகை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. நானும் பார்த்ததில்லை, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஃப்ரீவே எக்சிட்டைத் தவறவிட்டு உள்ளே மாட்டிக்கொள்ளும் வரை.

லாண்ட்ரோமேட் வாசல்

உள்ளே போனால் ஒரே மாதிரி இரண்டு மாடி அபார்ட்மெண்ட்கள், அடுத்தடுத்து, ரோடு முழுக்க. தனி வீடே கண்ணில் படாது. நடைபாதையில் எலோட்டே சோளம் விற்கிற வண்டி. பேருந்து நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு நிற்கிற அம்மாக்கள். பலகைகள் பெரும்பாலும் ஸ்பானிஷில். காரைத் திருப்ப ஒரு ஸ்ட்ரிப் மாலுக்குள் நுழைந்தேன்.

அங்கே ஒரு லாண்ட்ரோமேட். அதன் வெளிச்சுவரில் சாய்ந்து, தரையில் கால் நீட்டி ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பத்து, பதினோரு வயசு இருக்கும். மடியில் நோட்டுப் புத்தகம், கையில் விரிசல் விட்ட ஒரு செல்போன். போனைப் பார்க்கிறான், நோட்டில் எழுதுகிறான், மறுபடியும் போனைப் பார்க்கிறான். கண்ணாடிக்கு உள்ளே அவன் அம்மா துணியை டிரையருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"அவன் ஏம்மா வெளில உட்கார்ந்து ஹோம்வொர்க் பண்றான்?" என்று பின்சீட்டிலிருந்து என் பொண்ணு கேட்டாள்.

கதவில் "வைஃபை இலவசம்" என்று ஸ்பானிஷில் எழுதி ஒட்டியிருந்தது. "அவங்க வீட்ல இன்டர்நெட் இருக்காதுன்னு நினைக்கிறேன் கண்ணு" என்றேன்.

அவளுக்கு அது புரியவே இல்லை. தண்ணி இல்லாத வீடு, கரண்ட் இல்லாத வீடு என்றால் கதைப் புத்தகத்தில் படித்திருக்கிறாள். இன்டர்நெட் இல்லாத வீடு, அதுவும் ஹூஸ்டனில், அதுவும் நாம மிக்சர் வாங்கின கடையிலிருந்து இவ்வளவு கிட்டத்தில். அவளுக்கு நம்புவது கஷ்டமாக இருந்தது. எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை, காரணம் எனக்கு பிரவுசிங் சென்டர் ஞாபகம் இருக்கிறது.

நம்மில் பலருக்கும் இருக்கும். சம்மர் லீவில் ஊருக்குப் போனால், அமெரிக்காவில் இருக்கும் ஃப்ரெண்டுக்கு ஈமெயில் அனுப்ப மாமாவோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போவோம். பிளைவுட் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள், மணிக்கணக்கில் காசு, வாசலில் செருப்புக் குவியல். பரீட்சை ரிசல்ட் வருகிற அன்று தெருவே அங்கே நிற்கும். மார்க்கைப் பார்த்து ஒரு பொண்ணு அழுதால், கடைக்காரர் அவளுக்குத் தண்ணி கொடுப்பார். அந்த லாண்ட்ரோமேட் சுவர் எனக்கு அந்தக் கடையைத்தான் நினைவுபடுத்தியது.

கல்ஃப்டனின் கதை

அந்த வட்டாரத்தின் பெயர் கல்ஃப்டன். அதன் கதையைத் தெரிந்துகொண்டால் ஹூஸ்டனின் கதையே பாதி புரியும்.

1970-களில் எண்ணெய் விலை ஏறி, வேலை தேடி அமெரிக்கா முழுவதிலிருந்தும் இளைஞர்கள் ஹூஸ்டனுக்கு வந்தார்கள். பெரும்பாலும் கல்யாணம் ஆகாதவர்கள், கையில் சம்பளம் உள்ளவர்கள். அவர்களுக்காகக் கட்டினதுதான் இந்த அபார்ட்மெண்ட்கள் எல்லாம். நீச்சல் குளம் உண்டு, பார்ட்டி ஹால் உண்டு. குழந்தைகளை நினைத்துக் கட்டவில்லை, அதனால் பூங்கா இல்லை, நூலகம் இல்லை, நடைபாதைகூடச் சரியாக இல்லை.

1980-களில் எண்ணெய் விலை விழுந்தது. குடியிருந்தவர்கள் வேலை போய்க் கிளம்பிவிட்டார்கள். காலி வீடுகளை நிரப்ப முதலாளிகள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். குடிவந்தால் விசிஆர் இலவசம் என்று டிவியில் விளம்பரம் போட்ட அபார்ட்மெண்ட்கூட உண்டு. தேர்தலுக்கு இலவச டிவி, இலவச லேப்டாப் என்று கேட்டுப் பழகின நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை! கடைசியில் வாடகையைக் குறைத்து, எல் சால்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். தனி ஆளுக்குக் கட்டின வீட்டில் ஐந்து பேர், ஆறு பேர். இன்று டெக்சஸிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் கல்ஃப்டன் ஒன்று. அங்கிருக்கும் பிள்ளைகள் போகிற விஸ்டம் உயர்நிலைப் பள்ளியில் பல நாடுகளிலிருந்து வந்த அகதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். எண்ணெய் விலை விழுந்த அதே 1980-களில்தான் ஹில்கிராஃப்டில் நம்ம கடைகளும் முளைத்தன. வாடகை மலிவாக இருந்ததால் அவர்கள் அங்கே குடிவந்தார்கள், நாம் இங்கே கடை வைத்தோம். நாம் இன்ஜினியர் பட்டத்தோடும் விசாவோடும் வந்தோம். அவர்களில் பலர் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். போருக்குத் தப்பி ஓடுவது என்றால் என்ன என்று ஈழத்துக் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அபராதப் பணத்தில் வந்த வைஃபை

கல்ஃப்டனுக்கு இன்டர்நெட் கொண்டுவர ஹூஸ்டன் நகரம் ஒரு தடவை உண்மையாகவே முயன்றது. சுவாரசியமான கதை.

2007-ல் எர்த்லிங்க் என்ற நிறுவனம் ஹூஸ்டன் முழுவதற்கும், சுமார் 600 சதுர மைலுக்கு, வைஃபை போட்டுத் தருவதாக நகராட்சியோடு ஒப்பந்தம் செய்தது. அந்தச் சமயம் அமெரிக்காவில் நகரத்துக்கு நகரம் இந்த ஆசை இருந்தது. விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் ஒரு பெட்டி மாட்டினால் போதும், ஊரே இன்டர்நெட் மயம் என்று நினைத்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. நிறுவனம் கெடுவைத் தவறவிட்டது. ஒப்பந்தப்படி நகராட்சிக்கு 50 லட்சம் டாலர் அபராதம் கட்டினது. அடுத்த வருஷம் திட்டமே கைவிடப்பட்டது.

அபராதப் பணம் வந்தால் பொதுவாக எங்கே போகும்? பொது நிதியில் விழுந்து காணாமல் போகும். அப்போதைய மேயர் பில் வைட் அப்படி விடவில்லை. அதில் சுமார் 35 லட்சம் டாலரை எடுத்து, ஏழைகள் வாழும் பத்து வட்டாரங்களில் மட்டும் இலவச வைஃபை போடலாம் என்று முடிவு செய்தார்கள். முதல் வட்டாரமாகக் கல்ஃப்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். நகராட்சியும் பொது நூலகமும் சேர்ந்து, வைஃபையோடு கம்ப்யூட்டர் வகுப்புகளையும் நடத்தின. ஹை ஸ்டார் தெருவில் நகராட்சியின் சேவை மையத்துக்குள்ளேயே நூலகம் ஒரு எக்ஸ்பிரஸ் கிளை திறந்தது. புத்தகத்தைவிடக் கம்ப்யூட்டருக்கு முக்கியத்துவம் தந்த கிளை.

அதற்கு முன்பே நகரத்தின் மறுகோடியில், ஈஸ்ட் எண்டின் பெக்கன் பார்க் பகுதியில், டெக்னாலஜி ஃபார் ஆல் என்ற தொண்டு நிறுவனமும் ரைஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு வைஃபை வலை போட்டிருந்தார்கள். ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சிக்னலைக் கைமாற்றி விடும் அமைப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் கேபிள் இழுக்க வேண்டாம். ஆயிரக்கணக்கானவர்கள் பயன்படுத்தினார்கள். எந்த மாதிரி வீட்டுச் சுவரில் சிக்னல் எவ்வளவு குறைகிறது, கம்பங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் அங்கே அளந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பாடம் முக்கியமானது. ரோட்டில் இருக்கும் வைஃபை செங்கல் சுவரைத் தாண்டி அபார்ட்மெண்டின் பின்னறைக்குள் எளிதில் வராது. ஜன்னலோரம் உட்கார்ந்தவனுக்குக் கிடைக்கும், கட்டிலில் இருப்பவனுக்குக் கிடைக்காது. கம்பத்தில் மாட்டின பெட்டி வெயிலிலும் மழையிலும் கெட்டுப்போகும். ஹூஸ்டன் புயலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழுது பார்க்க வருஷா வருஷம் பணம் வேண்டும், அபராதப் பணமோ ஒரே ஒரு தடவைதான் வரும்.

கேபிள் வாசல் வரை, பணம் பாதி வரை

"இப்போதான் எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கே, அப்புறம் என்ன?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

போனில் வாட்ஸ்அப் பேசலாம், வீடியோ பார்க்கலாம். பத்து பக்க வேலை விண்ணப்பத்தை நிரப்ப முடியுமா? காலேஜுக்கு உதவித்தொகை படிவம், வரிக் கணக்கு, டாக்டரின் ரிப்போர்ட், பள்ளிக்கூடத்தின் கூகுள் கிளாஸ்ரூம்... இதையெல்லாம் ஐந்து அங்குலத் திரையில் செய்து பாருங்கள். அதுவும் பிரீபெய்டு டேட்டா மாதக் கடைசியில் தீர்ந்துபோகும் வீட்டில். அதுவும் ஒரே போனை அம்மாவும் மூன்று பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில். 2020-ல் கோவிட் வந்து பள்ளிகள் திரைக்குள் போனபோது இது எல்லாருக்கும் வெளிச்சமானது. நம்ம பிள்ளைகளுக்கு அறைக்கு ஒரு லேப்டாப். கல்ஃப்டன் மாதிரி இடங்களில் நூலகத்தின் கார் பார்க்கிங்கில், மூடின கதவுக்கு வெளியே, உள்ளிருந்து வரும் வைஃபைக்காகக் குடும்பங்கள் காத்திருந்தன. அமெரிக்கா முழுக்க அதுதான் நிலைமை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கல்ஃப்டனில் கேபிள் இல்லாமல் இல்லை. கேபிள் அபார்ட்மெண்ட் வாசல் வரை வந்திருக்கிறது. பிரச்னை விலை. மாதம் ஐம்பது, அறுபது டாலர் என்றால் அது ஒரு வாரத்துக் காய்கறி, மளிகை. அதோடு டெபாசிட், கிரெடிட் செக், புது முகவரிக்கு மாறினால் மறுபடியும் முதலிலிருந்து. வாடகை ஏறினால் வருஷத்துக்கு ஒரு தடவை வீடு மாறும் குடும்பங்கள் அவை.

விலையைக் குறைக்கவும் ஒரு முயற்சி நடந்தது. 2011 முதல் காம்காஸ்ட் நிறுவனம், பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளின் வீடுகளுக்கு மாதம் 9.95 டாலருக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கினது. பிறகு மத்திய அரசு பெரிய அளவில் இறங்கியது. 2021 கடைசியில் தொடங்கின கட்டண உதவித் திட்டத்தில், ஏழைக் குடும்பத்தின் இன்டர்நெட் பில்லில் மாதம் 30 டாலர் வரை அரசு கட்டினது. நாடு முழுவதும் சுமார் 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் சேர்ந்தன. அதாவது, கிட்டத்தட்ட ஆறு வீட்டுக்கு ஒரு வீடு.

ஒதுக்கின 1,420 கோடி டாலர் தீர்ந்தது. காங்கிரஸ் மேலும் பணம் கொடுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஜூன் 1-ல் திட்டமே முடிந்தது. மறு மாதம் அந்த வீடுகளுக்கு முழு பில் வந்தது.

"இன்னொரு திட்டம் இருக்குமே, பிராட்பேண்டுக்குக் கோடி கோடியாக ஒதுக்கினார்களே?" ஒதுக்கினார்கள். 2023-ல் டெக்சஸுக்கு மட்டும் 330 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். ஆனால், அது முதலில் கேபிளே போகாத கிராமப்புறங்களுக்கு. நியாயம்தான், அவர்களுக்கும் வேணும். கல்ஃப்டன் அந்த வரைபடத்தில் 'வசதி உள்ள இடம்' என்று வருகிறது. கேபிள் ஓடுகிறதே! அந்தக் கேபிளுக்கு மாதாமாதம் யார் பணம் கட்டுவது என்பதை வரைபடம் காட்டாது.

வீரம்பட்டினம் ஒலிபெருக்கி

இந்த விஷயத்தில் நம்ம ஊரிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் திறந்தது. வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றியுள்ள கிராமங்களுக்குச் செய்தி போகும். வீரம்பட்டினம் என்ற மீனவர் கிராமத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அன்றைய அலை உயரத்தை எடுத்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத மீனவர்கூட, இன்றைக்குக் கட்டுமரம் இறக்கலாமா வேண்டாமா என்று அதைக் கேட்டு முடிவு செய்தார். மையங்களை நடத்தியது உள்ளூர் மக்களே, அதிலும் பல இடங்களில் பெண்கள். இடம் கொடுக்கும் கிராமத்துக்கு ஒரு நிபந்தனை: எல்லாச் சாதியினரும் உள்ளே வரலாம்.

தேனியில் இன்னொரு கதை. அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து, சாதாரண வைஃபை கருவிகளையே மாற்றியமைத்துப் பல கிலோமீட்டர் தூரம் சிக்னல் போகும்படி செய்தார்கள். கிராமத்துக் கண் மையத்தில் உட்கார்ந்த பாட்டி, நகரத்து டாக்டரிடம் வீடியோவில் பேசினார். பஸ் செலவு மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம். இது 2000-களின் நடுவில், நம்மில் பலர் ஜூம் என்ற பெயரையே கேள்விப்படாத காலம்.

பிறகு 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த சில வருஷங்களில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். சிலர் விற்றார்கள், சிலர் படம் மட்டும் பார்த்தார்கள், உண்மைதான். அதே லேப்டாப்பில் படித்து இன்று நம்மோடு ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதல் இரண்டு கதைகளிலும் பொதுவாக ஒன்று உண்டு. கம்பி, பெட்டி, திரை மட்டும் கொடுத்து நிறுத்தவில்லை. யாருக்கு என்ன தேவை என்று கேட்டு, அவர்கள் மொழியில், அவர்கள் நடந்து போகும் தூரத்தில், அவர்களுக்குத் தெரிந்த ஒரு ஆளை வைத்தார்கள்.

கல்ஃப்டனிலும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. ரூக்கின் தெருவில், பச்சை, ஆரஞ்சு என்று பளிச் நிறங்களில் நிற்கும் பேக்கர்ரிப்ளி மையம். அதைக் கட்டுவதற்கு முன் அமைப்பின் தலைவர் ஏஞ்சலா பிளான்சர்டும் அவருடைய குழுவினரும் அங்குள்ள நூற்றுக்கணக்கானவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். 'உங்க ஏரியாவில் என்ன குறை?' என்று கேட்கவில்லை. 'இங்கே எது நல்லா இருக்கு? உங்களுக்கு என்ன தெரியும்? என்ன ஆகணும்னு ஆசை?' என்று கேட்டார்கள். பள்ளிக்கூடம், கிளினிக், வரிக் கணக்கு உதவி, வகுப்புகள் எல்லாம் ஒரே வளாகத்தில் வந்தன.

அதைப் படித்த பிறகு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. லாண்ட்ரோமேட் வாசலில் அந்தப் பையனைப் பார்த்தபோது எனக்குத் தோன்றினது 'பாவம்' என்ற ஒரே வார்த்தைதான். விரிசல் விட்ட போனை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம், யாரும் சொல்லாமல் ஹோம்வொர்க் செய்கிற பையன் அவன். நம்ம வீட்டில் அதைச் செய்யவைக்க எத்தனை சத்தம்!

அலமாரியில் தூங்குகிற லேப்டாப்

வீட்டுக்கு வந்ததும் என் பொண்ணு அலமாரியைத் திறந்தாள். மூன்று லேப்டாப் இருந்தது. ஒன்று ஆன் ஆகவில்லை, இரண்டு ஆனது. உங்கள் வீட்டிலும் எண்ணிப் பாருங்கள். நம்ம சமூகத்தில் பாதிப்பேர் ஐடி. பழைய கம்ப்யூட்டர் இல்லாத தமிழ் வீடு ஹூஸ்டனில் இருக்கிறதா?

ஹூஸ்டனில் 2007-ல் தொடங்கின கம்ப்யூடாப்ட் என்ற தொண்டு அமைப்பு பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, சரிசெய்து, கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. நியூ ஜெர்சி, பே ஏரியா வாசகர்களும் கவலைப்பட வேண்டாம். இப்படிப்பட்ட அமைப்புகள் பெரும்பாலான பெரிய நகரங்களில் உண்டு, உங்கள் நூலகத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

கொடுப்பதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. முதலில் உங்கள் ஃபோட்டோக்களை எடுத்துக்கொண்டு, எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள். ஆப்பிள் கருவி என்றால் ஆப்பிள் கணக்கை நீக்காமல் கொடுத்தால் அது பூட்டின பெட்டி, யாருக்கும் உதவாது. டிஸ்கை முழுசாக அழித்துவிடுங்கள். சார்ஜரைச் சேர்த்துக் கொடுங்கள். சார்ஜர் இல்லாத லேப்டாப் என்பது சாவி இல்லாத கார். பேட்டரி உப்பியிருந்தால் கொடுக்கவே கூடாது. அது தீப்பிடிக்கும், அதற்கென உள்ள கழிவு மையத்தில் போடுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதனால் நம்ம அலமாரிகளில் இன்னும் நிறைய பழைய லேப்டாப் சேரும். புது விண்டோஸ் ஏறாத கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் நன்றாக ஓடும். தெரிந்தவர்கள் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைச் செய்யலாம், அவர்களுக்கும் ஒரு பாடம்.

பெட்டியைக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். நேரம் இருந்தால் நேரம் கொடுங்கள். நூலகங்களிலும் சமூக மையங்களிலும் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள். ஸ்பானிஷ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். நம்ம பிள்ளைகளில் பலர் பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறார்கள். தமிழ்ப் பள்ளியில் உயிரெழுத்தில் திணறுகிற அதே பிள்ளை, அங்கே ஒரு அம்மாவுக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுக்கட்டும். நம்ம பாட்டிக்கு வீடியோ காலில் கேமராவை முகத்துக்கு நேரே வைக்கச் சொல்லிக்கொடுத்த அனுபவம் எப்படியும் இருக்கும்!

ஓட்டுரிமை உள்ளவர்கள் இன்னொன்றும் செய்யலாம். மாதம் 30 டாலர் உதவி நின்றது ஒரு புயலால் இல்லை, ஒரு முடிவால். முடிவை மாற்றக் கேட்கலாம். உங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் ஆபீஸுக்கு ஒரு போன் செய்ய ஐந்து நிமிஷம் போதும்.

காந்தி கடைசிக் காலத்தில் சொல்லிவிட்டுப் போன ஒரு கருத்து உண்டு. எதைச் செய்வது என்று சந்தேகம் வந்தால், நீ பார்த்தவர்களிலேயே மிக ஏழையான மனிதனின் முகத்தை நினைத்துப் பார், இது அவனுக்கு உதவுமா என்று கேட்டுக்கொள் என்பதுதான் அது. அவர் பெயரை நாம் இங்கே கேட்டு வாங்கினோம். நம்ம கடைகளுக்கு மேலே, தெருப் பலகையில் மாட்டினோம். அந்தப் பெயர் ஃப்ரீவேக்கு இந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டால், அது ஒரு பலகைதான்.

இரண்டு வாரம் கழித்து லேப்டாப்களைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல ஹில்கிராஃப்ட் போனோம். மிக்சர் வாங்கினோம். திரும்பும்போது என் பொண்ணு, "அம்மா, அந்தப் பக்கமா போலாம்" என்றாள். போனோம். லாண்ட்ரோமேட் வாசலில் அன்றைக்கு யாரும் இல்லை. அவள் ஜன்னல் வழியாக அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் இன்னிக்கு வீட்லயே பண்ணியிருப்பான், இல்ல?" என்று கேட்டாள்.

தெரியாது கண்ணு என்றுதான் சொன்னேன். தெரியாதுதானே. காரை நிறுத்தி, இருவருமாக ரூக்கின் தெரு மையத்துக்குள் போய், சனிக்கிழமைகளில் என்ன உதவி வேணும் என்று கேட்டு, பெயர் எழுதிவிட்டு வந்தோம்.